பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதய அறுவை சிகிச்சை வார்டில் நோயாளிகளை எழுப்பி நடக்க வைப்பதும், மூச்சுப் பயிற்சி கொடுப்பதும், வீட்டுக்கு அனுப்பும்போது உட்கார வைத்துப் பேசுவதும் என் வேலை. டிஸ்சார்ஜ் நாளில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். நாலு நாள் கழித்து போன் வரும். பேசுவது பெரும்பாலும் நோயாளி இல்லை, மகளோ மகனோ மனைவியோதான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். உங்கள் சர்ஜன் உங்களுக்கென்று வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள். நெஞ்செலும்பை அறுக்காமல் சிறு துளை வழியாகச் செய்துகொண்டவர்களுக்கு எலும்பு பற்றிய பதில்கள் பொருந்தாது.

ஆபரேஷன்ல அடைப்பை எல்லாம் எடுத்துட்டாங்கதானே?

இல்லை. அடைப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டி ரத்தம் போக வேறு குழாய் வைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்தக் குழாயும் உங்கள் உடம்பிலிருந்து எடுத்ததுதான்: நெஞ்சுக்கூட்டின் உட்புறம் இடது பக்கமாக இறங்கும் தமனி, காலின் உட்பக்கத்துச் சிரை, சிலருக்கு முன்கையிலிருந்து ஒரு தமனி. கால் சிரையை எடுத்துத் தைக்கும் முறையை 1967-ல் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ என்ற அர்ஜென்டினா மருத்துவர் செய்யத் தொடங்கிய பிறகுதான் இந்த ஆபரேஷன் உலகெங்கும் பரவியது.

ஆக, வீட்டுக்கு வருபவருக்கு இருப்பது ஒரே காயம் இல்லை. இதயத்தை எட்ட நெஞ்செலும்பை நீளவாக்கில் அறுத்துத் திறந்து, முடிந்ததும் ஸ்டீல் கம்பியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். காலில் தனியாக ஒரு வெட்டு. முதல் மாதத்தில் ஆளைப் படுத்துவது பெரும்பாலும் எலும்பும் காலும்தான், இதயம் இல்லை.

எத்தனை நாள்ல பழையபடி ஆவாங்க?

சிக்கல் இல்லாவிட்டால் ஐசியுவில் ஒன்றிரண்டு நாள், மொத்தத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் ஆஸ்பத்திரி. எலும்பு ஓரளவு சேர 6 முதல் 8 வாரம், நன்றாக உறுதிப்பட 12 வாரம். அசதி முழுதாகப் போக மூன்று மாதம்வரை ஆகலாம்.

இது நேராக ஏறிக்கொண்டே போகும் கணக்கு இல்லை. செவ்வாய்க்கிழமை தெருமுனைவரை நடந்தவர் புதன்கிழமை கட்டிலை விட்டு எழமாட்டார். அந்த ஒரு நாளை வைத்துப் பயப்பட வேண்டாம். போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிடுங்கள், நேற்றோடு இன்றை ஒப்பிடாதீர்கள். வாரத்துக்கு வாரம் பின்னால் போனால்தான் சொல்ல வேண்டும்.

நெஞ்செலும்பு விலகிடுமோன்னு பயமா இருக்கு. என்னென்ன செய்யக் கூடாது?

கை முறிந்தால் மாவுக்கட்டு போட்டு அசையாமல் வைக்கலாம். நெஞ்செலும்புக்கு அது முடியாது, மூச்சு விட வேண்டுமே. கம்பிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் முதல் 6 முதல் 8 வாரம் 4, 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். பேரக்குழந்தை, தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் எதுவும். கனமான கதவைத் தள்ளுவது, ஒரு கையை மட்டும் நீட்டி எதையாவது இழுப்பது, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோவது இவையும் கூடாது.

அதிகம் தவறுவது கட்டிலிலிருந்து எழும்போது. இரண்டு கையையும் ஊன்றி எழுவதோ, வீட்டில் இருப்பவர் கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவதோ வேண்டாம். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் அந்தப் பாரமே உடம்பை மேலே கொண்டுவரும். உதவுகிறவர் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்தால் போதும். இருமலோ தும்மலோ வந்தால் தலையணையை நெஞ்சோடு இரண்டு கையாலும் அணைத்துக்கொள்ள வேண்டும். தலையணை எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தும்மல் சொல்லிக்கொண்டு வராது.

திரும்பிப் படுத்தா நெஞ்சுக்குள்ள 'டக்'னு ஒரு சத்தம். எலும்பு ஒட்டலையா?

முதல் சில நாளில் எப்போதாவது லேசாகக் கேட்டால், அடுத்த பரிசோதனையில் சொல்லுங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் கேட்கிறது, எலும்பு உரசுவது கைக்கே தெரிகிறது, அல்லது அதோடு காயத்தில் கசிவும் காய்ச்சலும் இருக்கிறது என்றால் அதுவரை காத்திருக்காமல் சர்ஜனிடம் போக வேண்டும். கம்பி தளர்ந்திருக்கலாம், உள்ளே கிருமி சேர்ந்திருக்கலாம்.

கம்பியை எடுக்க வேண்டுமா என்றும் கேட்பார்கள். வேண்டாம், ஆயுசுக்கும் இருக்கலாம். பிற்காலத்தில் எம்ஆர்ஐ எடுப்பதற்கும் அது பொதுவாகத் தடையில்லை. எடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், போதும்.

வலி மாத்திரை போட்டா கெடுதல்னு அப்பா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கார். விட்டுடலாமா?

விடாதீர்கள். வலிக்கிறது என்று ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார், இருமிச் சளியைத் துப்ப மாட்டார். அப்புறம் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி நிமோனியாவுக்கு வழி விடும். எழுதிக் கொடுத்த மாத்திரையை நேரத்துக்குப் போட்டுவிட்டுப் பயிற்சி செய்யச் சொல்லுங்கள்.

எந்த மாத்திரை என்பதுதான் முக்கியம். பெரும்பாலும் பாராசிட்டமால் கொடுத்திருப்பார்கள். கடையில் கேட்டு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரியானவற்றை நீங்களாக வாங்கக் கூடாது. பைபாஸ் ஆன சமயத்தில் அவை மாரடைப்பு, ஸ்ட்ரோக் அபாயத்தைக் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். தோள்பட்டை, கழுத்து, முதுகில் இரண்டு பட்டைக்கும் நடுவே வரும் வலி சகஜம். பல மணி நேரம் நெஞ்சுக்கூட்டை விரித்து வைத்திருந்ததன் விளைவு அது.

நெஞ்சைவிட கால்தான் வீங்கி வலிக்குது. ஏன்?

சிரையை எடுத்த காலில் ரத்தம் மேலே திரும்ப மற்றச் சிரைகள் பழக வேண்டும். அதுவரை, குறிப்பாக மாலையில், கணுக்கால் வீங்கும். உட்காரும்போது காலை ஸ்டூலில் உயர்த்தி வையுங்கள், ஒன்றின்மேல் ஒன்று போடாதீர்கள், நீண்ட நேரம் தொங்கவிடாதீர்கள். வார்டில் கொடுத்த இறுக்கமான காலுறை இருந்தால் பகலில் போட்டு இரவில் கழற்றுங்கள்.

வீக்கம் சில வாரம், சிலருக்குச் சில மாதம் இருக்கும். கணுக்காலின் உட்பக்கம் மரத்திருப்பதும் உண்டு. ஆனால் கெண்டைக்கால் திடீரென்று இறுகி வலித்தாலோ, சிவந்து சூடாக இருந்தாலோ, சிரை எடுக்காத காலும் சேர்ந்து வீங்கினாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். ரத்தக்கட்டியாகவோ நீர் தேங்குவதாகவோ இருக்கலாம்.

இடது மார்பு மரத்துக் கிடக்கு, சுண்டு விரலும் மோதிர விரலும் கூசுது. பக்கவாதமா?

பெரும்பாலும் இல்லை. நெஞ்சின் உள்பக்கத் தமனியை எடுக்கும்போது அங்குள்ள சின்ன நரம்புகள் பாதிக்கப்படும், அதனால் இடது மார்பு மரத்துப்போகும், சிலருக்கு எரியும். அந்த இரண்டு விரலுக்குப் போகும் நரம்பு நெஞ்சுக்கூட்டை விரிக்கும்போது இழுபடுவதால் விரல் கூசும். இரண்டும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மெல்லச் சரியாகும்.

பக்கவாதம் வேறு மாதிரி வரும். திடீரென்று வாய் கோணும், ஒரு பக்கக் கை கால் தொய்யும், பேச்சு குளறும். அப்படியானால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த அந்தப் பந்து வெச்ச கருவியை வீட்டுலயும் ஊதணுமா?

ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும்! எத்தனை முறை சொன்னாலும் ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள். வாயில் வைத்து மெதுவாக, நீளமாக உள்ளே இழுத்து, பந்து மேலே இருக்கும்போது இரண்டு மூன்று விநாடி பிடித்து விடுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை, பத்து மூச்சு. வேகமாக இழுத்து மூன்று பந்தையும் துள்ள வைப்பதில் பயன் இல்லை. நிறுத்தச் சொல்லும்வரை வீட்டிலும் செய்யுங்கள், கடைசியில் ஒரு நல்ல இருமல், தலையணையோடு.

நடக்கச் சொல்றாங்க, ஆனா அவரைப் பார்த்தாலே பாவமா இருக்கு. கொஞ்ச நாள் படுத்தே இருக்கட்டுமே?

பைபாஸ் ஆனவருக்கு வீட்டு அன்பு செய்யும் கெடுதல் இதுதான். தண்ணீர் எடுத்துத் தருவார்கள், செருப்பு போட்டுவிடுவார்கள், பாத்ரூம் தவிர எங்கும் விடமாட்டார்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டும், நுரையீரலில் சளி சேரும், தசை கரையும், மலச்சிக்கல் வரும், மனசும் சோர்ந்துபோகும்.

முதல் வாரத்தில் சமதரையில் 5 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை. பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒன்றிரண்டு நிமிடம் கூட்டினால் 4 முதல் 6 வாரத்தில் ஒரே மூச்சில் 30 நிமிடம் நடக்க முடியும். அளவு பார்க்க மானி தேவையில்லை. நடந்துகொண்டே பேச முடிந்தால் சரியான வேகம். பேச்சு பாதியில் நிற்கிறது என்றால் வேகம் அதிகம். சாப்பிட்டவுடன் வேண்டாம், கொளுத்தும் வெயிலில் வேண்டாம். மாடிப்படி ஏறலாம், ஆனால் கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுக்கக் கூடாது. நெஞ்செலும்பு பற்றி மேலே சொன்னதுதான் காரணம். உங்கள் ஆஸ்பத்திரியில் இதயப் புனர்வாழ்வுப் பயிற்சி இருந்தால் சேர்ந்துவிடுங்கள். அங்கே கண்காணிப்போடு நடப்பவருக்கு வரும் தைரியத்தை வீட்டில் யாராலும் கொடுக்க முடியாது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிக்குது. திரும்ப மாரடைப்பா?

ஆபரேஷனுக்குப் பின் சில வாரம் நாடி வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகத்தான் இருக்கும். இரவில் ஒருக்களித்துப் படுத்தால் துடிப்பு காதில் கேட்பதும் உண்டு. அது வேறு. தாளமே இல்லாமல் கண்டபடி அடித்தால் அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். பைபாஸுக்குப் பின் வரும் சிக்கல்களில் மிகச் சாதாரணமானது இது. நூற்றில் 20 முதல் 40 பேருக்கு வருகிறது, பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே.

மாரடைப்பு இல்லை, ஆனால் அலட்சியமும் கூடாது. இதயத்தின் மேலறை நடுங்கும்போது அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போகலாம். அதனால்தான் சிலருக்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தருகிறார்கள். பெரும்பாலோருக்கு ஆறு வாரத்துக்குள் தாளம் சரியாகிவிடும். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணப் பழகுங்கள். ஓய்வில் 120-ஐத் தாண்டினாலோ தாளம் தப்பினாலோ அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். தலைசுற்றல், மயக்கம், மூச்சுத்திணறல் சேர்ந்தால் நேராக ஆஸ்பத்திரி.

எங்க அப்பா அழுது நான் பார்த்ததே இல்ல. இப்ப டிவி பார்த்துக்கூட அழறார், ராத்திரி தூங்கறதில்ல, பேர் எல்லாம் மறக்குது. மூளையில ஏதாவது ஆயிடுச்சா?

ஐசியுவில் சிலர் நேரம், இடம் தெரியாமல் உளறுவார்கள், சுவரில் பூச்சி ஊருகிறது என்பார்கள். பார்த்தவர்களுக்கு அது மறக்காது. அது பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகு மறதி, ஒன்றில் கவனம் நிற்காமை, செய்தித்தாளில் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிப்பது, விசித்திரமான கனவு எல்லாம் சில வாரமோ சில மாதமோ இருந்து குறைந்துவிடும்.

மனச்சோர்வை மட்டும் தானாகப் போகும் என்று விட வேண்டாம். ஐந்தில் ஒருவருக்காவது வருகிறது. சோர்ந்திருப்பவர் நடக்க மாட்டார், மாத்திரையை விடுவார், அதனால் இதயத்துக்கும் கெடுதல். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் இதய மருத்துவரிடமே சொல்லுங்கள், சிகிச்சை இருக்கிறது. உயிரே வேண்டாம் என்ற பேச்சு வந்தால் அன்றே. 'ஆபரேஷன்தான் நல்லா முடிஞ்சுதே, அப்புறம் என்ன?' என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.

வாய்க்கு எதுவுமே ருசிக்கல. என்ன செய்யறது?

சில வாரத்தில் ருசி திரும்பும். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள். காயம் ஆற புரதம் வேண்டும். உப்பு குறைவாக இருக்கட்டும். மலச்சிக்கலில் முக்கக் கூடாது, மருந்து கேட்டு வாங்குங்கள்.

குளிக்கலாமா? காயத்துல சோப்பு படலாமா?

தையல் உலர்ந்து, மருத்துவர் அனுமதித்ததும் வெதுவெதுப்பான நீரில் குளிக்கலாம். சோப்பு நுரை காயத்தின்மேல் வழியலாம், தேய்க்கக் கூடாது. சுத்தமான துண்டால் ஒற்றி எடுங்கள். பவுடர், எண்ணெய், களிம்பு எதுவும் நீங்களாகப் போட வேண்டாம். தொட்டியிலும் குளத்திலும் இறங்குவது காயம் முழுக்க ஆறிய பிறகுதான்.

பெண்களிடம் யாரும் சொல்லாமல் விடுவது ஒன்று: மார்பின் பாரம் காயத்தை இரு பக்கமும் இழுக்கும். கம்பி இல்லாத, முன்பக்கம் கொக்கி வைத்த, நன்றாகத் தாங்கும் உள்ளாடையை ஆரம்பத்திலிருந்தே போட்டால் வலியும் குறையும், காயமும் நன்றாகச் சேரும்.

அம்மாவுக்கு சுகர் இருக்கு. காயத்துல லேசா தண்ணி கசியுது, காய்ச்சல் இல்ல. பார்த்துக்கலாமா?

பார்த்துக்கொண்டிருக்கும் வேலை இதில் வேண்டாம். ஒரு போட்டோ எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுப் பேசுங்கள். சுகர், உடல் பருமன், புகை மூன்றும் நெஞ்செலும்புக் காயத்தில் கிருமி சேர வழி விடுபவை. தோல் அளவில் இருக்கும்போது மருந்திலேயே சரியாகும். எலும்புக்கும் அதன் பின்னாலும் இறங்கிவிட்டால் திரும்பத் திறந்து சுத்தம் செய்ய வேண்டிவரும். அது அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்து.

ஆபரேஷன் சமயத்தில் சுகர் ஏறும், மாத்திரையில் இருந்தவருக்கும் தற்காலிகமாக இன்சுலின் போடுவார்கள். அதைப் பாதியில் நிறுத்துவதுதான் பல கசிவுகளுக்குப் பின்னால் இருக்கிறது.

வந்து ஒரு வாரத்துல ரெண்டு கிலோ ஏறிட்டார். தேறி வர்றார்னுதானே அர்த்தம்?

சரியாகச் சாப்பிடாதவருக்கு (ருசி பற்றிய கேள்வியைப் பாருங்கள்) ஒரு வாரத்தில் இரண்டு கிலோ சதை எங்கிருந்து வரும்? அது பெரும்பாலும் நீர். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஒரே தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். ஓரிரு நாளில் ஒன்று, ஒன்றரை கிலோவோ, வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால் சொல்ல வேண்டும்.

அதோடு மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு காலும் வீங்குகிறது என்றால் இதயம் திணறுகிறது. நுரையீரலைச் சுற்றி, குறிப்பாக இடது பக்கம், நீர் சேர்வதும் பைபாஸுக்குப் பின் உண்டு. கொஞ்சமாக இருந்தால் தானாக வற்றும், அதிகமானால் ஊசி வழியாக எடுப்பார்கள். எடுத்தவுடனே மூச்சு இலேசாகிவிடும்.

மூணு வாரம் கழிச்சு காய்ச்சல். காயம் சுத்தமா இருக்கு, ஆனா மூச்சு இழுத்தா நெஞ்சு குத்துது. இது என்ன?

இதயத்தைச் சுற்றியுள்ள உறையைத் திறந்ததற்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தி காட்டும் கோபமாக இருக்கலாம். ஆபரேஷனுக்குப் பின் முதல் சில வாரங்களில் வரும். படுத்தால் வலி கூடும், முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறையும். வீக்கம் தணிக்கும் மருந்தில் சரியாகிவிடும். ஆனால் கிருமியா இதுவா என்பதை எக்கோவும் (இதயத்தை ஸ்கேன் செய்து பார்ப்பது) ரத்தப் பரிசோதனையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்த உறைக்குள் நீர் அதிகம் சேர்ந்தால் இதயத்தையே நெருக்கும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போனால் போய்ப் பாருங்கள்.

வண்டி ஓட்டறது, வேலைக்குப் போறது எப்போ? அப்புறம்... கேட்கக் கூச்சமா இருக்கு.

கூச்சம் வேண்டாம், எல்லோருக்கும் இருக்கும் கேள்விதான். கார் ஓட்ட 6 வாரமாவது ஆகட்டும். திடீர் பிரேக்கில் ஸ்டியரிங் நெஞ்சில் இடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இரு சக்கர வண்டியைத் தள்ளுவதும் ஸ்டாண்டு போடுவதும் நெஞ்செலும்புக்குத்தான் பாரம், அதற்கு 12 வாரம் பொறுப்பது நல்லது. பயணியாகப் போகும்போது சீட் பெல்ட்டுக்கும் காயத்துக்கும் நடுவில் மடித்த துண்டு வைக்கலாம், பெல்ட்டை விடக் கூடாது. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு 6 முதல் 8 வாரம், உடல் உழைப்புக்கு மூன்று மாதம்.

தாம்பத்யத்துக்கு இரண்டு மாடி படி ஏறினால் நெஞ்சு வலியோ பெரிய மூச்சிரைப்போ இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கையில் உடம்பு பாரத்தைத் தாங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்மைக் குறைவுக்குப் போடும் சில்டனாஃபில் போன்ற மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போடவே கூடாது. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட்டோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம்.

எல்லாத்துக்கும் 'சகஜம்'னு சொல்றீங்க. எதுக்குத்தான் ராத்திரியானாலும் ஓடணும்?

ஆபரேஷனுக்கு முன் வந்த அதே அழுத்தும் நெஞ்சு வலி திரும்ப வந்து ஓய்விலும் போகாமல் இருப்பது. காயத்து வலி அசைந்தால் கூடும், இந்த வலி அசைவைப் பொருட்படுத்தாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல். மயங்கி விழுவது. மேலே சொன்ன பக்கவாத அறிகுறிகள். ரத்தம் கலந்த சளி. கருப்பாகத் தார் மாதிரி மலம், ஏனென்றால் ரத்தத்தை இளக வைக்கும் மாத்திரையால் வயிற்றில் கசியலாம். இவற்றுக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அவரையே வண்டி ஓட்ட விடாதீர்கள்.

ஒரு வருஷம் ஆச்சு, கொலஸ்ட்ரால் நார்மல், பிரஷர் நார்மல். இன்னும் எதுக்கு இத்தனை மாத்திரை?

மாத்திரை போடுவதால்தான் நார்மல். ஆஸ்பிரின் பெரும்பாலோருக்கு ஆயுசுக்கும். அதோடு குளோபிடோக்ரெல் மாதிரி, ரத்தத்தை இளக வைக்கும் இரண்டாவது மருந்து இருந்தால் ஒரு கட்டத்தில் நிறுத்துவார்கள், தேதியை அவர்கள் சொல்லட்டும். ஸ்டாட்டின் கொலஸ்ட்ராலைக் குறைப்பதற்கு மட்டும் இல்லை, புதுக் குழாய் அடைக்காமல் இருக்கவும்தான். கெட்ட கொலஸ்ட்ரால் (தாளில் எல்டிஎல், LDL என்று இருக்கும்) 70-க்குக் கீழே, பலருக்கு 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இலக்கு. பரிசோதனைத் தாளில் 'நார்மல்' என்று அச்சிட்டிருப்பது உங்களுக்கான நார்மல் இல்லை.

தொல்லை கொடுத்தால் நிறுத்தாமல் மாற்றக் கேளுங்கள். ராமிப்ரில், எனலாப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரை போட்டு வறட்டு இருமல் வந்தால் மாற்று உண்டு. ஸ்டாட்டினில் தசை வலி வந்தால் அளவையோ மருந்தையோ மாற்றலாம். பல் பிடுங்க வேண்டும் என்றாலும் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

போட்ட பைபாஸ் எத்தனை வருஷம் தாங்கும்? அடைச்சுட்டா திரும்ப நெஞ்சைத் திறக்கணுமா?

எந்தக் குழாய் என்பதைப் பொறுத்தது. நெஞ்சுத் தமனியை இதயத்தின் முன்பக்கக் குழாயில் தைத்தது பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்திருக்கும். கால் சிரை அப்படி இல்லை. குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய குழாய் திடீரென்று தமனியின் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது, உட்சுவர் தடிக்கிறது. பத்து வருடத்தில் ஏறக்குறைய பாதி அடைத்துவிடும். சில முதல் வருடத்திலேயே. புகைப்பவருக்கு இன்னும் சீக்கிரம்.

அடைத்தால் எல்லோருக்கும் மாரடைப்பு வரும் என்று இல்லை, சிலருக்கு வேறு வழிகளில் ரத்தம் போய் ஒன்றும் தெரியாமலே இருக்கும். வலி திரும்பினால் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்து, முடிந்தவரை ஸ்டென்ட் வைப்பார்கள், பெரும்பாலும் பழைய சொந்தக் குழாயிலேயே. இரண்டாவது பைபாஸ் செய்ய முடியும், ஆனால் நெஞ்செலும்புக்குப் பின்னால் எல்லாம் ஒட்டிப்போயிருக்கும், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் குழாய் திறக்கும்போது அடிபடலாம், அதனால் முதல் தடவையைவிட அபாயம் அதிகம். உங்களுக்கு எத்தனை குழாய், எது எங்கே தைத்தது என்ற விவரம் டிஸ்சார்ஜ் தாளில் இருக்கும். அதை போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனிலாவது வைத்திருங்கள். பிற்காலத்தில் ஆஞ்சியோ செய்யும் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.